ஒரு பாட்டில் வாய்க்கால்

மேட்டூர் திறந்து எத்தனையாம் நாள்
கூத்தாநல்லூருக்குத் தண்ணீர் வரும் என்று
வயல் வைத்திருப்பவர்கள் விரல் மடக்கினார்கள்.
வந்தது.
செருப்பு ஒன்று, தேங்காய் மட்டை இரண்டு,
பாதிப் பந்து, நிறைய நுரை.

ஒரு மாதம் போனபிறகு
ஓட்டம் தணிந்த கிளை வாய்க்காலில்
மெஹராஜ் முழங்கால் வரை இறங்கி
ஊறுகாய் பாட்டிலை முக்கினாள்.
களக், களக், களக் என்று
வாய்க்கால் உள்ளே போனது.

பாட்டில் என் வீட்டு ஜன்னலில்.
நோட்டு அவள் பையில்.
நோட்டின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு:
இந்தப் பக்கம் செடி,
அந்தப் பக்கம் விலங்கு.
சட்டம் அவள்தான் போட்டாள்:
நடந்தால் விலங்கு. நின்றால் செடி.

சட்டம் அரை நாள் தாங்கவில்லை.
நத்தை
காலையில் ஒட்டிய இடத்திலேயே
மாலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.
வேர் விட்டுவிட்டதோ என்று பார்த்தோம். இல்லை.
மிளகளவு மிதக்கும் பச்சை இலைகளோ
ஊதினால் போதும்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
ஓட்டமாய் ஓடின.
இரண்டு பெயரையும் அடித்து
இடம் மாற்றி எழுதி
மறுபடி அடித்தோம். தாள் கிழிந்தது.

பத்து மணி வெயில் ஜன்னலுக்கு வந்ததும்
வேலம்பாசி முத்து விட்டது.
ஊசிமுனை முத்து, ஒன்றன்பின் ஒன்றாக,
மேலே வந்து உடைந்தது.
"சோடாவா?" என்றேன்.
மெஹராஜ் நோட்டால் வெயிலை மறைத்தாள்.
கொஞ்ச நேரத்தில் முத்து நின்றது.
நோட்டை எடுத்தாள்.
மறுபடி முத்து.
மூடி, திறந்து, மூடி, திறந்து
மதியச் சாப்பாடே மறந்துபோயிற்று.
வாயே இல்லாத ஒன்று
வெயிலில் சமைத்துச் சாப்பிட்டு
ஏப்பம் விடுகிறது!
அந்த ஏப்பத்தைத்தான்
நத்தையும் நாங்களும்
மூச்சென்று இழுக்கிறோம்.

புதுச் சட்டம் எழுதினோம்:
தன் சோற்றைத் தானே பொங்கினால் செடி.
அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்தால் விலங்கு.

பந்தி எப்படி இருக்கும் என்று
அப்போது எங்களுக்குத் தெரியாது.

தலைப்பிரட்டைக்குக் கலெக்டர் என்று பெயர்.
தலை பெரிது, எப்போதும் அவசரம்.
புதன்கிழமை அதற்குப் பின்னங்கால் முளைத்தது.
மெஹராஜ் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.
வியாழக்கிழமை கலெக்டரைக் காணோம்.
அடியில் சகதி நிறத்தில் ஒரு பூச்சி,
ஆறு கால், இமைக்காத கண்,
முகத்துக்குக் கீழே மடித்து நீட்டும் தாடை.
தாடையில் கலெக்டரின் வால்.

மெஹராஜ் அழவில்லை.
இரண்டு நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.
"அதை வாய்க்காலில் கொட்டு" என்று மட்டும்
வகுப்பில் முன்பெஞ்சிலிருந்து திரும்பிச் சொன்னாள்.
நான் கொட்டவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

ஞாயிறு விடியலில்
பாட்டிலைக் கலக்கப் போட்ட ஈர்க்குச்சியில்
பூச்சி ஏறி
தண்ணீரைவிட்டு வெளியே தொங்கியது.
முதுகில் ஒரு கீறல்.
கீறல் வழியே தலை வந்தது, கால் வந்தது,
கசங்கிய துணியாய் நான்கு இறகு வந்தது.
பல் தேய்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
துணி மெல்ல மெல்லத்
தனக்குத்தானே இஸ்திரி போட்டுக்கொண்டது.
தட்டான்.
வெயில் ஏறியதும் கம்பிக்கு நடுவே
வயலைப் பார்க்கப் பறந்தது,
கலெக்டரில் கொஞ்சம் உடம்பில் வைத்துக்கொண்டு.

ஓடிப்போய் மெஹராஜை இழுத்து வந்தேன்.
காட்ட மிச்சமிருந்தது கூடுதான்.
கால், கண், தாடை எல்லாம் அச்சாக.
ஊதினால் ஆடும்.
உள்ளே யாரும் இல்லை.

இதை எந்தப் பக்கம் எழுதுவது?
பொங்கவும் பொங்காது, பந்திக்கும் வராது.
ரொம்ப நேரம் பேனாவைக் கடித்தாள்.
பிறகு கோட்டின் மேலேயே
நெருக்கி எழுதினாள்:
"ஆள் கிளம்பியாச்சு."

கண்ணாடியில் கூழ்த்துளி போல
நத்தை முட்டையிட்டிருந்ததை
அப்போதுதான் பார்த்தோம்.
எண்ண ஆரம்பித்தோம்.
பதினொன்று வரை வந்தபோது
மாங்காய் ஊறிவிட்டது, பாட்டில் எங்கே என்று
உள்ளிருந்து அம்மா கத்தினாள்.